சேனை தொட்ட கை

இங்கிட்டு வாங்க தம்பி, இந்தப் பக்கம் உக்காருங்க. அந்தப் பக்கம் வெயில் மூஞ்சியிலயே அடிக்கும். பைய மடியில வச்சுக்கோங்க. மேல வச்சா வளைவுல யார் தலையிலயாவது விழும், அவன் உங்ககூடச் சண்டைக்கு வருவான், அப்புறம் நான் எந்திரிச்சு அவன அடிக்க வேண்டியிருக்கும். சும்மா சொன்னேன். பயந்துட்டீங்களா?

கடைசி ஸ்டாப்புலயா இறங்குறீங்க? நல்லதாப் போச்சு. எனக்கும் பேச ஒரு ஆளு வேணும். என் பேரு சடையாண்டி. மாட்டுத் தரகர் சடையாண்டின்னா இந்தப் பக்கத்துச் சந்தையில பால்குடி மறந்த கன்னுக்குட்டிக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, உங்களப் பாத்தா மாடு வாங்குற ஆளாத் தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க.

என் மக வீட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். பேரப்பிள்ளையப் பாக்கப் போனேன். அடுத்த மாசம் எனக்குக் கோர்ட்டுல தீர்ப்பு. உள்ள தள்ளிருவாங்கன்னுதான் வக்கீல் சொல்றாரு. உள்ள போறதுக்கு முன்னாடி பிள்ளைய ஒரு தடவ கண்ணால பாத்து, கையால தொட்டுட்டு வந்துரணும். அவ்வளவுதான் என் ஆசை. ஒரு தாத்தன் ஆசைப்படக் கூடாதா?

என்ன கேஸ்னு கேக்க உங்களுக்குச் சங்கடமா இருக்கு. கேளுங்க. ஆஸ்பத்திரியில நர்ஸ அடிச்ச கேஸ். அதுக்குன்னு தனியாச் சட்டம் வச்சிருக்கான் தெரியுமா? நர்ஸ அடிச்சா, ஆஸ்பத்திரிக் கண்ணாடிய உடைச்சா, சுலபமா வெளிய வர முடியாது. ஊருக்குள்ள எத்தனை பேர அடிச்சிருக்கேன், அதுக்கெல்லாம் ஒரு டீக்கடைப் பேச்சுல முடிஞ்சு போகும். இதுக்கு மட்டும் சட்டம். சரி, அதுகூடப் போகட்டும். சாட்சி சொன்னது யாரு தெரியுமா? என் மக. பெத்த மக கௌசல்யா. கூண்டுல ஏறி நின்னு, ஜட்ஜய்யா முகத்தப் பாத்து, "எங்கப்பாதான்"னு சொன்னா. அந்த வார்த்தைய நீங்க கேட்டிருக்கணும். நல்லா வாழ்வீங்களா தம்பி அப்படி ஒரு வார்த்தையக் கேட்டப்புறம்?

முழுசாச் சொல்றேன். சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் விளங்கும்.

கௌசல்யாவுக்குத் தலைச்சன் பிரசவம். மாப்ள பேரு பால்பாண்டி, நூல் மில்லுல வேலை. நல்ல பய, ஆனா சத்தம் போட்டுத் தும்மக்கூடத் தெரியாது. எட்டு மாசம் நிறையிறதுக்குள்ள அவளுக்கு வலி வந்துருச்சு. ஜில்லா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஜில்லான்னு கேக்காதீங்க, கேஸ் முடியிற வரைக்கும் எங்கயும் வாயத் திறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு.

ஆம்பளப் பிள்ளை. ஆனா எம்புட்டு இருந்தான்னு நினைக்கிறீங்க? என் உள்ளங்கையில படுக்க வச்சா மிச்சம் இடம் இருக்கும். பிறந்ததும் தூக்கிட்டுப் போயி, இந்தக் குறைமாசப் பிள்ளைகளுக்குன்னு ஒரு வார்டு இருக்கு, அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க. மூக்கு வழியா ஒரு குழாய். அது வழியாத்தான் தாய்ப்பால் போகுது. வாயில ஒண்ணும் குடுக்கிறதில்ல. இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, வாயில ஒண்ணும் குடுக்கல.

சேதி கேட்டதும் சந்தையில இருந்து அப்படியே ஓடியாந்தேன். ஒரு ஜோடிக் காளை பேசி முடிச்சுக்கிட்டிருந்தேன். வாயத் திறந்து பல்லப் பாத்துக்கிட்டிருந்த கைய எடுத்துத் துண்டுல துடைச்சேன், பஸ் ஏறிட்டேன். அந்த வார்டு வாசல்ல ஒருத்தி நிக்கிறா. ஜெசிந்தான்னு பேரு, அந்த வார்டு நர்ஸு. என் மக வயசுதான் இருக்கும், ரெண்டு மூணு கூட இருக்கலாம். என்னைப் பாத்ததும் கைய நீட்டி மறிக்கிறா.

"அய்யா, செருப்ப அங்கயே விடுங்க. கண்ணாடி வழியாத்தான் பாக்கணும். உள்ள அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. அதுவும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்."

"நான் தாத்தன்மா."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் அய்யா. உங்க கையப் பாருங்க. நகத்தப் பாருங்க."

நகத்தப் பாருங்கன்னு சொன்னா தம்பி. அத்தனை பேர் முன்னாடி. பிள்ளையப் பாக்க வந்த சனம் பூராவும் என் நகத்தப் பாக்குது. கொஞ்சம் சாணி இருந்துச்சு, இல்லைங்கல. காஞ்ச சாணிதான். மாட்டுத் தரகன் நகத்துல சாணி இல்லாம சந்தனமா இருக்கும்? சாணியக் கரைச்சுத்தான வாசல் தெளிக்கிறோம். அதுல என்ன வந்துருச்சு? இந்தக் கை எத்தனை மாட்டு வாயில போயிட்டு வந்திருக்கு. நாக்குப் புண்ணு வந்த மாடு, வாயில நுரை தள்ளுற மாடு, எல்லாத்தையும் பாத்தாச்சு. அதே கையாலதான் சந்தையில சோறு அள்ளித் திங்கிறேன். ஒரு நாளு காய்ச்சல்னு படுத்தது கிடையாது.

அன்னிக்கே அவள ஒரு அறை விட்டிருப்பேன். மாப்ள கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான்.

அவ ஒரு மாதிரிப்பட்டவ தம்பி. எந்நேரமும் கழுவு, கழுவு. ஒரு பிள்ளையத் தொட்டுட்டு அடுத்த பிள்ளைகிட்டப் போறதுக்குள்ள ஒரு தடவ கழுவுறா. என் மகளையும் கழுவச் சொல்லிச் சொல்லி அவ கைத்தோலு உரிஞ்சு போச்சு. ஒருநாள் பெரிய டாக்டரு வர்றாரு. அவரையே மறிச்சு, "சார், வாட்சக் கழட்டிட்டுக் கழுவுங்க"ங்கிறா. அந்த ஆளும் ஒரு வார்த்தை பேசாமக் கழுவிட்டு உள்ள போறாரு. எனக்குப் பாக்கவே கூச்சமாப் போச்சு. படிச்ச ஆம்பளைய ஒரு பொம்பள இப்படி நிக்க வச்சுட்டாளேன்னு.

அதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது சேனை விசயம்.

உங்க பக்கம் சேனை தொடுற பழக்கம் இருக்கா? பிறந்த பிள்ளை நாக்குல மொத மொதல்ல தேனோ சீனித்தண்ணியோ தொட்டு வைக்கிறது. யாரு விரலால தொடுறாங்களோ அவங்க குணம்தான் பிள்ளைக்கு. எங்க வீட்டுல இதுல ரொம்பக் கண்டிப்பு. எனக்குச் சேனை தொட்டது எங்க பெரியப்பன். அந்த ஆளு ஒருத்தன் தலையில கலப்பையப் போட்டுட்டு செயிலுக்குப் போனவரு. என் தைரியம் எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?

இங்க பிள்ளை பிறந்து நாளு ஓடுது, சேனை தொடல. எனக்கு ராத்தூக்கம் இல்ல. என் சம்பந்தி, அதான் மாப்ளையோட அப்பன், தினமும் வந்து அந்தக் கண்ணாடி முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். அவனப் பாத்திருக்கணும் நீங்க. நாய் குரைச்சா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போற ஆளு. பிள்ளை வெளிய வந்ததும் அவன் பாட்டுக்கு விரல வச்சுத் தொலைச்சிட்டான்னா? ஆம்பளப் பிள்ளை தம்பி. ஆயுசு பூராவும் அந்தக் கோழைப்பய குணத்தோட அலையணுமா?

மாப்ளகிட்டச் சொன்னேன், நான் உள்ள போயித் தொட்டுட்டு வந்துருறேன்னு. "வேணாம் மாமா. நர்ஸக்கா கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க, குறைமாசப் பிள்ளைக்கு வாயில எதுவும் வைக்கக் கூடாதாம். வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்"ங்கிறான். ஒண்ணே ஒண்ணு குடுத்தேன் கன்னத்துல. ரொம்ப வேகமா இல்ல. கேன்டீன் வாசல்ல வச்சு. அதையும் கேஸ்ல சேத்துட்டாங்க, அவன் புகார் குடுக்கவே இல்ல, யாரோ பாத்தவன் சொல்லியிருக்கான்.

நான் யோசிச்சுப் பாத்தேன். பால் மூக்குக் குழாய் வழியாத்தான் போகுது. நாக்குல ஒரு சொட்டுப் படல. அப்ப மொதத் தொடல் இன்னும் பாக்கியிருக்கு, முகூர்த்தம் தப்பல. சரிதான? இந்த அறிவு அங்க இருந்த ஒருத்தருக்கும் வரல.

ஒரு மத்தியானம். அந்த வார்டுக் கோடியில ஒரு பிள்ளை மூச்சு விடாம நீலம் பூத்துருச்சு. நர்ஸு, டாக்டரு எல்லாரும் அங்க ஓடிட்டாங்க. ஜெசிந்தா ஒரு சின்னப் பலூன் மாதிரி இருக்கும்ல, அதைப் பிள்ளை மூஞ்சியில வச்சு அமுக்கிக்கிட்டே இருக்கா. வாசல்ல ஆளில்ல. நான் உள்ள போயிட்டேன்.

கௌசல்யா பெட்டிப் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டா. "அப்பா, வேணாம்ப்பா. கைகூடக் கழுவல நீங்க. வேணாம்ப்பா"ங்கிறா, மெல்லமா, யாருக்கும் கேக்காம. நான் ஒரு பார்வை பாத்தேன். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அதுக்கப்புறம் என்ன வரும்னும் தெரியும், சின்ன வயசுல இருந்து பாத்தவதான. உக்காந்துட்டா.

இடுப்புல சின்ன சீசாவுல மலைத்தேன் வச்சிருந்தேன். விரலத் துண்டுல நல்லாத் துடைச்சேன். சுத்தமாத்தான் துடைச்சேன் தம்பி, கோர்ட்டுல அத யாரும் சொல்லல. அந்தப் பெட்டியில கை நுழையிற அளவுக்கு வட்டமா ஓட்டை வச்சிருக்கான். கை விடக் கூடாதுன்னா ஓட்டை எதுக்கு? தேனத் தொட்டு அவன் நாக்குல வச்சேன்.

சப்புனான் தம்பி. அம்புட்டுக்காணு வாயி, என் விரல் நுனிய இறுக்கிப் பிடிச்சுச் சப்புனான். எனக்கு அழுகை வந்துருச்சு. எங்கப்பன் செத்தப்ப அழாதவன் நான். குலசாமி பேரச் சொல்லி, டேய், நீ என் ரத்தம்டா, எவனுக்கும் பயப்படாதடான்னு சொன்னேன். அந்த நிமிசத்துக்கு என்ன விலை வேணும்னாலும் குடுக்கலாம்.

பக்கத்துப் பெட்டியில ஒரு பொட்டப்பிள்ளை. அதோட ஆத்தாவ அங்க காணோம். சீசாவுல தேன் மிச்சம் இருக்கு. பாவம், இதுக்கு யாரு வந்து தொடப்போறான்னு நினைச்சு, அதே விரலால அதுக்கும் ஒரு சொட்டு வச்சேன். எந்தச் சாதி, எந்த ஊரு, ஒண்ணும் கேக்கல. நம்ம மனசு அப்படி.

என்ன தம்பி, ஜன்னல் பக்கமாத் தள்ளித் தள்ளிப் போறீங்க? இடம் பத்தலையா? நல்லா உக்காருங்க.

ரெண்டு நாள்ல பிள்ளைக்குப் பால் செமிக்கல. வயிறு உப்பிருச்சு. உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு, தொட்டா அசங்க மாட்டேங்குறான். ரத்தத்துல கிருமி கலந்துருச்சுன்னாரு டாக்டரு. அந்தப் பக்கத்துப் பெட்டிப் பொட்டப்பிள்ளைக்கும் அதே. நல்லாக் கவனிங்க, அந்த ரெண்டு பிள்ளைக்கு மட்டும்தான். மத்த பிள்ளைக எல்லாம் நல்லாத்தான் கிடந்துச்சு. அப்ப என்ன அர்த்தம்? நான் தொட்ட பிள்ளைகன்னு அவளுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. என் மேல இருந்த காட்டத்துல அந்த ரெண்டை மட்டும் கவனிக்காம விட்டுட்டா. வேற என்ன காரணம் இருக்க முடியும்? வக்கீல்கிட்டயும் இதச் சொன்னேன். அந்த ஆளு பேனாவ மூடி வச்சுட்டு, இத வெளிய சொல்லிராதீங்கன்னுட்டாரு. வெவரங்கெட்ட வக்கீல்.

ஜெசிந்தா என் மககிட்ட வந்து உக்காந்தா. நான் கண்ணாடிக்கு வெளிய நிக்கிறேன், கதவு ஒருக்களிச்சிருக்கு, பேசுறது எல்லாம் கேக்குது.

"கௌசல்யா, நான் திட்டமாட்டேன். யாராவது உள்ள வந்தாங்களா? வாயில எதாவது வச்சாங்களா? எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மருந்த மாத்திப் பாக்கலாம்மா. ரெண்டு பிள்ளை உசுரு. சொல்லும்மா."

என் மக தலையத் தூக்கிக் கண்ணாடி வழியா என்னைப் பாத்தா. நானும் பாத்தேன். "யாரும் வரலக்கா"ன்னுட்டா.

அதுதான் வளர்ப்பு. அப்பனக் காட்டிக் குடுக்கல அன்னிக்கு. அப்படி இருந்த பிள்ளைய யாரோ கலைச்சுட்டாங்க தம்பி.

முதல்ல அந்தப் பொட்டப்பிள்ளை போச்சு. அதோட ஆத்தா வராண்டாவுல உருண்டு அழுத சத்தம் இன்னும் காதுல இருக்கு. மறுநாளு விடிஞ்சு கொஞ்ச நேரத்துல எங்க பிள்ளை. கதவத் திறந்துக்கிட்டு ஜெசிந்தா வர்றா, கையில வெள்ளைத் துணியில சுத்தி வச்சிருக்கா. அவ அழுகுறா. எனக்கு அதுதான் பத்திக்கிச்சு. நீ யாருடி அழ? உன் வீட்டுப் பிள்ளையா? மறிச்சு மறிச்சு நிறுத்துனியே, கழுவிக் கழுவி நின்னியே, என்னத்தக் காப்பாத்துன?

விட்டேன் ஒண்ணு. காதோட சேத்து. நான் மாட்டுக்குக் குடுக்கிற அறை அது, மனுசிக்குக் கொஞ்சம் கூடுதல்தான். சுத்திக்கிட்டுப் போயி விழுந்தா. விழறப்பயும் பிள்ளைய விடல. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, முதுகு தரையில படுற மாதிரித் திரும்பி விழுந்தா. எந்திரிக்கப் பாத்தா, இடுப்புல ஒரு மிதி. அப்பவும் ரெண்டு கையாலயும் துணியப் பொத்திக்கிட்டுத்தான் கிடந்தா. செத்த பிள்ளைக்கு இன்னும் என்ன ஆகப்போகுதுன்னு பொத்துறா, கூறுகெட்டவ. காதுல இருந்து ரத்தம் கழுத்து வழியா இறங்குச்சு.

அப்புறம் எனக்குக் கண்ணு தெரியல. மருந்துத் தண்ணி தொங்க விடுற இரும்புக் கம்பி ஒண்ணு கிடந்துச்சு, எடுத்து அந்தக் கண்ணாடிக் கதவுல ஒரே போடு. பொலபொலன்னு கொட்டுச்சு. இன்னொரு போடு. வாட்ச்மேன் கிழவன் குறுக்க வந்தான், அவன் தோள்பட்டையில ஒண்ணு. அடுத்து உள்ள போயி அந்தப் பெட்டி, மிசினு எல்லாத்தையும் நொறுக்கிரணும்னுதான் கால வச்சேன். எவன் பிள்ளையும் இருக்கக் கூடாது, என் பிள்ளை இல்லாத இடத்துல.

உள்ள இருந்த ஆத்தாளுக எல்லாம் வந்து வரிசையா நின்னுட்டாளுக. தையல் பிரிக்காதவளுக, நிக்க முடியாம ஒருத்தி தோள ஒருத்தி பிடிச்சுக்கிட்டு. வெறும் காலு, கண்ணாடிச் சில்லு மேல. ஒருத்தியும் கத்தல. எனக்கு அது ஒரு மாதிரி ஆயிருச்சு. கம்பிய ஓங்கிக்கிட்டு நின்னேன். அந்த நேரம் பாத்து மாப்ள பின்னால வந்து என் ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுத் தள்ளிட்டான். அந்தப் பூனைப் பய. அவன் முதுகுல கம்பியால சாத்துனேன், விடவே இல்ல. போலீஸ் வர்ற வரைக்கும் காலப் பிடிச்சுக்கிட்டே கிடந்தான். ஏதோ ஆசீர்வாதம் வாங்க வந்தவன் மாதிரி.

உள்ள இருந்தேன், ஜாமீன்ல வந்தேன், அதெல்லாம் பெரிய கதையில்ல. செயில்ல மரியாதையாத்தான் நடத்துனாங்க. கோர்ட்டுல ஜெசிந்தா வந்தா. வக்கீலு கேள்வி கேக்குறப்ப எல்லாம் கழுத்தத் திருப்பி இந்தக் காதக் குடுக்குறா. அறை வாங்குன காது கேக்காதாம். நடிப்பு. ஒரு அறைக்குக் காது போகுமா? என் வீட்டுக்காரிக்கும் இடது காது கொஞ்சம் மந்தம்தான். அதுக்காகக் கோர்ட்டுக்கா போனா?

அப்புறம்தான் கௌசல்யாவக் கூப்புட்டாங்க. நான் நிமிந்து உக்காந்தேன். நம்ம பிள்ளைன்னு. ஏறி நின்னா. என்னைப் பாத்தா. நான் அதே பார்வை பாத்தேன். அவ கண்ண எடுக்கல.

"எங்கப்பாதான் உள்ள வந்தாரு. சந்தையில இருந்து வந்த கையோட என் பிள்ளை வாயில தேன வச்சாரு. பக்கத்துப் பிள்ளைக்கும் வச்சாரு. நான் தடுக்கல. பயம். நர்ஸக்கா கேட்டப்பவும் சொல்லல. பயம். சொல்லியிருந்தா ரெண்டுல ஒண்ணாவது பிழைச்சிருக்கலாம். இனிமே எனக்குப் பயமில்ல."

அப்படிச் சொல்லிட்டு இறங்கிப் போயி, அந்த நர்ஸு காலுல விழுந்தா தம்பி. அந்த நர்ஸு பக்கத்துலயே அந்தப் பொட்டப்பிள்ளையோட ஆத்தாளும் நின்னா. அவ காலுலயும் விழுந்தா. என் மக. என்னைத் தாண்டித்தான் போனா, திரும்பிப் பாக்கல.

எல்லாத்தையும் மன்னிச்சேன். அப்பன்தான. இந்த மாசம் சந்தையில ஒருத்தன் சொல்றான், உம்ம மகளுக்கு மறுபடியும் பிரசவம் ஆயிருச்சாமே, நிறைமாசப் பிள்ளையாமேன்னு. எனக்குச் சேதி சொல்லல. என் வீட்டுக்காரி அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனவ. ஆள் விட்டு விசாரிச்சா, அவ அங்க இல்ல. எல்லாம் கூட்டுக் களவாணித்தனம்.

இன்னிக்குக் காலையில சந்தைய முடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். அவ வீட்டு வாசல்ல என்ன வச்சிருக்கா தெரியுமா? ஒரு வாளியில தண்ணி, மக்கு, சோப்புக்கட்டி. ஆஸ்பத்திரிய வீட்டுக்கே கொண்டாந்துட்டா. தட்டுனேன். கதவக் கொஞ்சமாத் திறந்து, இடுக்குல தோளக் குடுத்து நிக்கிறா. அவளுக்குப் பின்னால என் வீட்டுக்காரி, மடியில பிள்ளையோட. என்னைப் பாத்ததும் முந்தானையால பிள்ளைய மூடுறா.

"கைய முழங்கை வரைக்கும் கழுவுங்கப்பா. கழுவிட்டு இங்கயே நின்னு பாருங்க. அம்மா தூக்கிக் காட்டும். தொடக் கூடாது. அவ்வளவுதான்."

"என்ன பிள்ளை?"

"பொண்ணு."

"பொண்ணா இருந்தா என்ன. யாரு சேனை தொட்டா?"

"யாரும் தொடல. தொடப்போறதும் இல்ல."

"அப்ப குணமே இல்லாம வளக்கப்போறியா?"

"கழுவுறீங்களா, கிளம்புறீங்களா?"

வாளியப் பாத்தேன். சோப்பப் பாத்தேன். கழுவியிருக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க. உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கு. ஒரு நிமிச வேலைதான், பிள்ளையப் பாத்திருக்கலாம், உள்ள போறதுக்கு முன்னாடி. தம்பி, அன்னிக்கு அந்த நர்ஸு சொன்னப்பயே கழுவாதவன். இன்னிக்கு என் மக சொல்லிக் கழுவுனா, அப்ப அன்னிக்கு நடந்தது எல்லாம் என் கையாலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? அதெப்படிக் கழுவ முடியும்?

சீசாவத் திறந்து விரல நனைச்சேன். அவ தோளுக்கு மேல, கதவிடுக்கு வழியாக் கைய உள்ள விட்டேன். என் வீட்டுக்காரி ரெண்டு எட்டு முன்னால வந்தா எட்டிரும் தூரம்தான். ஏய், கொண்டாடி இங்கன்னேன்.

கௌசல்யா நகந்துக்கிட்டா. வழி விடுறான்னு நினைச்சேன். கதவத் தள்ளுனா.

கை உள்ள இருக்குன்னு தெரியாமத் தள்ளல. பாத்துக்கிட்டே தள்ளுனா. வேங்கை மரக் கதவு. கைய இழுக்கப் பாத்தேன், விரல் மாட்டிக்கிச்சு, நான் கத்துனேன். என் வீட்டுக்காரி "விடுடி, அப்பா கைடி, கைடி"ன்னு அழுகுறா. கௌசல்யா திரும்பி முதுகக் கதவுல குடுத்து, ரெண்டு காலையும் தரையில ஊனி அமுக்குறா. எலும்பு போற சத்தம் எனக்கே கேட்டுச்சு. தலைய மட்டும் திருப்பி இடுக்கு வழியா என்னைப் பாத்தா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. மூச்சுகூட வாங்கல. நான் முட்டி போட்டு, விட்டுரு தாயின்னு சொன்னப்புறம்தான் லேசா விட்டா. கைய உருவிக்கிட்டேன். தாப்பாள் விழுந்துச்சு.

படியில உக்காந்திருந்தேன். உள்ள தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. தேய்க்கிற சத்தம். கதவக் கழுவுறா தம்பி. என் ரத்தத்தையும் அந்தத் தேனையும் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவுறா.

இந்தா பாருங்க கைய. துண்டு ஒட்டிக்கிச்சு, மெல்லத்தான் பிரிக்கணும். அசங்குற விரல் கட்டைவிரல் ஒண்ணுதான். ஆஸ்பத்திரிக்கா? நான் எதுக்கு அங்க போறேன்? கிருமி இருக்கிறதே அங்கதான். எண்ணெய்க் கட்டுப் போடுறவன் ஒருத்தன் நம்ம ஊருல இருக்கான்.

வலிக்குது, இல்லைங்கல. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி அவ மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. அந்த மூஞ்சியப் பாத்தேன்ல. கௌசல்யா பிறந்தப்ப பொட்டப்பிள்ளைன்னு எங்க வீட்டுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. சேனை தொட ஒரு நாதி கிடையாது. நான்தான் சந்தைக்குப் போற வழியில நின்னு, சீனித்தண்ணிய நாக்குல வச்சுட்டுப் போனேன். இந்தக் கையாலதான். பலிச்சிருக்கு.